சுவரோரம் பத்து மில்லிமீட்டர்

மார்ச் 9. ஓக் பலகை, 24 சதுர மீட்டர். 58,300.
மார்ச் 27. மேஸ்திரி கூலி, மூன்று நாள். 14,000.
மார்ச் 30. உப்புத்தாள், வார்னிஷ், மூன்று பூச்சு. 6,150.
ஏப்ரல் 6. கம்பளிச் செருப்பு, வருகிறவர்களுக்கு, ஆறு ஜோடி. 1,080.
ஏப்ரல் 13. கைத்தடிக்கு ரப்பர் குமிழ், ஒன்று. 45.
ஜூலை 2. அறுப்புக் கூலி. வாங்கவில்லை.

இத்தனையும் ஒரே ஓர் அறைக்கு. நீளம் ஐந்து மீட்டர், அகலம் நான்கு மீட்டர் நாற்பது. அந்த அறைக்குச் சொந்தக்காரர் பெரிய மாப்பிள்ளை. மூத்த மகளைக் கட்டியவரைப் பெண் வீட்டார் அப்படிக் கூப்பிடுவதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஆனால் அவர் அந்தச் சொல்லை ஒரு பதவியைப் போலச் சுமந்தார். கடை கடையாகப் போய்த் தராசும் எடைக்கல்லும் சோதித்து முத்திரை போடும் அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவர். பணியில் இருந்த காலம் முழுக்க அவர் கையில் தப்பான எடை ஒன்றுகூடத் தாண்டிப் போனதில்லை.

தாண்டிப் போனது ஒன்றே ஒன்றுதான்: மாமனாரின் சிரிப்பு.

மாமனார் ரயில் தண்டவாளத்தை மேற்பார்வை பார்த்து ஓய்வு பெற்றவர். பெரிய மாப்பிள்ளை வந்தால் எழுந்து நிற்பார், நாற்காலியை இழுத்துப் போடுவார், "வாங்க மாப்பிள்ளை, பயணம் சௌகரியமா இருந்துதா?" என்பார். பேருந்து ஓட்டும் சின்ன மாப்பிள்ளை வந்தால் படுத்த இடத்திலிருந்தே, "என்னப்பா, இன்னைக்கு எத்தனை சுவத்துல இடிச்சே?" என்று கேட்டு, வயிறு குலுங்கச் சிரிப்பார். மரியாதையெல்லாம் பெரியவருக்கு, சிரிப்பெல்லாம் சின்னவருக்கு. இருபத்து மூன்று வருடமாக இந்தப் பங்கீடு மாறவில்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் பெரிய மாப்பிள்ளைக்கு அடிவயிற்றில் ஒரு கங்கு கனியும்.

பிப்ரவரி 2-ஆம் தேதி மாமனாரிடமிருந்து இரண்டு வீட்டுக்கும் ஒரே மாதிரிக் கடிதம் வந்தது. உங்கள் மாமியார் போய் இரண்டு வருடமாகிறது, இனித் தனியாக இருக்க முடியவில்லை. முழங்கால் வலிக்கு ஜில்லென்ற சிமெண்டுத் தரை ஆகாது, மரத்தரையாக இருந்தால் நல்லது என்கிறார் மருத்துவர். மழைக்காலம் முடிந்ததும் யாராவது ஒரு மகள் வீட்டுக்கு வந்துவிடுகிறேன். ஏப்ரலில் இரண்டு வீட்டிலும் மூன்று மூன்று நாள் இருந்து பார்க்கிறேன். பிறகு யார் வீடென்று கடிதத்தில் எழுதுகிறேன். சண்டை போட வேண்டாம்.

பெரிய மாப்பிள்ளை அந்தக் கடிதத்தைக் கோப்பில் வைத்துவிட்டு, எந்த மரம் நல்லது என்று விசாரிக்கத் தொடங்கினார். அவர் மூன்று கடைகளில் விலைப்பட்டியல் வாங்கி முடிப்பதற்குள் சின்ன மாப்பிள்ளை தரையைப் போட்டே விட்டார். அதுவும் இடித்த கட்டடத்துப் பழைய தேக்குப் பலகை! ஆணி ஓட்டைகளோடு லாரியில் வந்து இறங்கிய பலகைகளைத் தேய்த்துத் தேய்த்து, எண்ணெய் பூசி, பாதி விலையில் வேலையை முடித்துவிட்டார்.

"வந்து பாருங்கண்ணே" என்று கூப்பிட்டார். பெரிய மாப்பிள்ளை மனைவியோடு போனார். மனைவி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நடந்தவள், அப்படியே கண்ணை மூடி நின்றுவிட்டாள்.

"என்னடி இது, வெயில்ல காய்ஞ்ச வெல்வெட்டு மாதிரி இருக்கு!"

"அக்கா, நீ நடக்குறப்பவே இப்படிச் சொல்ற. படுத்துப் பாரு" என்றாள் தங்கை.

அக்காவும் தங்கையும் தரையில் படுத்துச் சிரித்தார்கள். பெரிய மாப்பிள்ளை படுக்கவில்லை. குறை சொல்ல ஏதாவது கிடைக்காதா என்று அறையைச் சுற்றி வந்தார். கிடைத்தது. ஓரத்தை மூடும் சுவரடிப் பட்டை இன்னும் அடிக்கவில்லை. பலகைக்கும் சுவருக்கும் நடுவே நாலு பக்கமும் ஓர் இடைவெளி. சட்டைப் பையிலிருந்து எஃகு அளவுகோலை எடுத்து வைத்துப் பார்த்தார். பத்து மில்லிமீட்டர்.

கங்கின் மேல் தண்ணீர் தெளித்தது போல இருந்தது. 'பலகை பத்தலை. பட்டை அடிச்சு மூடிடுவான். அடியில என்ன இருக்குன்னு எனக்கு மட்டும்தான் தெரியும்.' வீடு திரும்பும் வரை அவர் முகத்தில் ஒரு மலர்ச்சி இருந்தது. மனைவிகூட, "என்னங்க, தரை அவ்வளவு பிடிச்சுப் போச்சா?" என்று கேட்டாள்.

மார்ச்சில் அவர் வீட்டுக்கு ஓக் வந்தது. பழையதல்ல, புத்தம் புதியது. ஒவ்வொரு பலகையும் 180 மில்லிமீட்டர் அகலம், சின்னவர் வீட்டுப் பலகையைப் போல இரண்டு மடங்கு. அறையின் காற்றுக்குப் பலகை பழக வேண்டும் என்று மேஸ்திரி சொன்னதால் பதினாறு நாள் அறையிலேயே அடுக்கி வைத்து, ஈரமானியால் தினம் இருமுறை அளந்து எழுதினார். அதில் ஒரு நாள்கூடத் தவறவில்லை. சின்னவர் வீட்டில் வேலை செய்த அதே மேஸ்திரிதான். வேலை தொடங்கிய காலையில்தான் தகராறு.

"சுவரோரம் ஒரு பத்து விட்டுக்கிறேன் சார்."

"எதுக்கு?"

"மழைக்காலத்துல மரம் ஊதும் சார். இடம் இல்லன்னா எங்க போகும்? பக்கத்து வீட்டுக்கா?"

"அந்தக் கதையெல்லாம் என் சகலைகிட்ட சொல்லுங்க. பத்து மில்லிமீட்டர் விட்டா அதுக்குப் பேர் வேலை இல்லை, சாக்கு. எனக்குச் சுவரோட சேர்ந்து இருக்கணும். ஒரு தாள் போகக் கூடாது."

மேஸ்திரி காதிலிருந்த பென்சிலை எடுத்தார். "அப்ப இதுல எழுதிக் கொடுத்துடுங்க. வீட்டுக்காரர் விருப்பப்படி இடைவெளி இல்லாமன்னு."

வேறொருவராக இருந்தால் அந்த இடத்தில் சற்றுத் தயங்கியிருப்பார். பெரிய மாப்பிள்ளைக்கோ எழுதிக் கொடுப்பது என்றால் சொந்த ஊருக்குப் போவது மாதிரி. தேதி போட்டு, அளவு போட்டு, கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.

ஒரு பலகையின் விளிம்பு நாக்கு அடுத்ததன் காடிப் பள்ளத்துக்குள் இறங்கி, நூல் பிடித்தாற்போல் ஓடி, சுவரில் முட்டி நின்றது. மூன்றாவது பூச்சு வார்னிஷ் காய்ந்ததும், ஜன்னல் வெளிச்சம் அறை முழுக்க உருகி ஓடியது. அறை வாசலில் ஆறு ஜோடி கம்பளிச் செருப்பு வரிசையாக வந்து உட்கார்ந்தது. வெறுங்காலின் வியர்வை வார்னிஷுக்கு ஆகாது என்று எங்கோ படித்திருந்தார்.

ஏப்ரல் 12-ஆம் தேதி காலை பத்தேகாலுக்கு மாமனார் வந்தார். முந்தைய மூன்று நாளும் சின்னவர் வீட்டில். பத்து இருபதுக்குக் கைத்தடி நுனி அறைக் கதவோரம் பட்டு ஒரு வடு விழுந்தது. நீளம் நான்கு மில்லிமீட்டர். மாமனார் பார்த்தார். பெரிய மாப்பிள்ளையும் பார்த்தார். இருவரும் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை மாமனார் கட்டிலை விட்டு எழுந்தபோது கைத்தடியில் புதிதாக ஒரு ரப்பர் குமிழ் மாட்டியிருந்தது.

"தரை பிரமாதமா இருக்கு மாப்பிள்ளை" என்றார் மாமனார். மூன்று நாளில் தரையைப் பற்றி மொத்தம் நான்கு சொல். கம்பளிச் செருப்போடு பனிக்கட்டி மேல் நடப்பவரைப் போல நடந்தார். சிரிக்கவில்லை.

அவர் ஊருக்குப் போன பிறகு மனைவி போகிற போக்கில் ஒரு சேதி சொன்னாள். சின்னவள் வீட்டில் அப்பா மத்தியானம் தரையிலேயே, தலைக்கு நாளிதழை மடித்து வைத்துக்கொண்டு, குறட்டை விட்டுத் தூங்கினாராம். சின்ன மாப்பிள்ளை தாண்டிப் போகும்போது, "அடுத்த நிறுத்தம் வந்தா எழுப்புப்பா" என்றாராம்.

பெரிய மாப்பிள்ளைக்கு அடிவயிற்றுக் கங்கு ஊதிய நெருப்பாயிற்று. ஏப்ரல் 20-ஆம் தேதி மாமனாருக்கு ஒரு கடிதம் எழுதினார். சின்ன மாப்பிள்ளை வீட்டுத் தரை சுவரை எட்டவில்லை என்றும், நாலு பக்கமும் பத்து மில்லிமீட்டர் ஓட்டையைப் பட்டை வைத்து மறைத்திருக்கிறார்கள் என்றும், அதில் பூச்சி பொட்டு குடியேறும் என்றும், தாம் இதைச் சொல்வது தங்கள் நலன் கருதி மட்டுமே என்றும். கடைசி வரி பொய் என்று அவருக்கே தெரியும். ஆனாலும் அடிக்கோடு இட்டார்.

பதில் ஒரு வரியில் வந்தது: "கடிதம் கிடைத்தது. மழை முடியட்டும், சொல்கிறேன்."

மழை ஜூன் நடுவில் தொடங்கியது. ஜூன் 29, மத்தியானம் மூன்று மணிக்கு அறைக்குள் பட்டாசு வெடித்தது போல ஒரு சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால் தரையின் நடுவே மூன்று பலகைகள் தோளோடு தோள் சேர்த்து எழுந்து நிற்கின்றன, கூடாரம் போட்டாற்போல. அளவுகோலை வைத்தார். முப்பத்து நான்கு மில்லிமீட்டர். வலது கால் செருப்பைக் கழற்றி அந்த மேட்டை மிதித்தார். இறங்கவில்லை.

மனைவி வாசலில் நின்று பார்த்தாள். "எங்கப்பா நாப்பது வருஷம் தண்டவாளத்துல இடைவெளி சரியா இருக்கான்னு குனிஞ்சு குனிஞ்சு பார்த்தவரு. அவருக்குப் போயி இடைவெளி விட்டது தப்புன்னு கடிதம் எழுதினீங்களே!"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நகல் எடுத்துக் கோப்புல வெச்சிருக்கீங்களே. வேற எப்படி?"

ஜூலை 2 காலை, அழைக்காமலே சின்ன மாப்பிள்ளை மேஸ்திரியோடு வந்து இறங்கினார். மனைவி தங்கையிடம் சொல்லியிருக்க வேண்டும். மேஸ்திரி பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். பெரிய மாப்பிள்ளையின் அழகான கையெழுத்து. காட்டிவிட்டு, மறுபடி மடித்து வைத்துக்கொண்டார். அவ்வளவுதான்.

இருவரும் முழங்காலிட்டு, சுவரோரம் ரம்பத்தால் அறுத்துக்கொண்டே போனார்கள். பத்து மில்லிமீட்டர் அகலத்தில் புத்தம் புது ஓக், சுருள் சுருளாகவும் குச்சியாகவும் குவிந்தது. கடைசிப் பக்கம் அறுபட்டதும் தரை பெருமூச்சு விட்டது போல முனகி, பாதி உயரம் தானாகவே இறங்கியது. மீதியை அமுக்க மேலே சிமெண்டு மூட்டைகளை அடுக்கினார்கள்.

சின்ன மாப்பிள்ளை ஒரு வார்த்தை குத்தலாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. "நல்ல பலகைண்ணே. எனக்குத்தான் இது கட்டுப்படியாகலை. உங்க தரையப் பார்த்துட்டு வந்து ரெண்டு நாள் எனக்குத் தூக்கமே இல்லை" என்றார், நெற்றியிலிருந்த மரத்தூளைத் துடைத்துக்கொண்டே. சிரித்தபடி சொல்லவும் வந்தது அவருக்கு. பொறாமையைக்கூட இவன் இப்படிச் சிரித்துக்கொண்டே சுமக்கிறானே என்று அதற்கும் வயிறு எரிந்தது பெரியவருக்கு.

"கூலி எவ்வளவு தம்பி?"

"போங்கண்ணே!"

அன்றிலிருந்து நான்கு நாள் பெரிய மாப்பிள்ளை கோப்பைத் திறந்து திறந்து மூடினார். ஏப்ரல் 20-ஆம் தேதிக் கடிதம் தப்பான எடைக்கல். அது இன்னும் மாமனாரின் தராசில் கிடக்கிறது. எடுக்காமல் விட்டால் யாருக்கும் தெரியாது. எடுத்தால் சின்னவன் தட்டு இறங்கும், தம் தட்டு மேலே போகும். வாழ்நாள் முழுக்க அடுத்தவன் கடையில் இந்தத் தப்பை விடாதவர். ஜூலை 6-ஆம் தேதி எழுதினார்:

"ஏப்ரல் 20 கடிதத்தில் நான் எழுதியது தவறு. இடைவெளி அவசியம். தம்பி வீட்டுத் தரை சரியாகப் போடப்பட்டுள்ளது. என் தரை முப்பத்து நான்கு மில்லிமீட்டர் எழும்பியது. நலன் கருதி எழுதியதாகச் சொன்னதும் தவறு."

கடைசி வாக்கியத்தை எழுத ஒரு மணி நேரம் ஆயிற்று. தபால் பெட்டியில் போட்டதும் கையை உள்ளே விட்டு எடுக்க முடியுமா என்று ஒரு கணம் பார்த்தார்.

ஆகஸ்டில் தரை முழுவதும் சமமாக இறங்கிவிட்டது. மழை ஓய்ந்த பத்து நாள் இடைவெளியில் மேஸ்திரி வந்து நாற்பதாம் எண் உப்புத்தாள், எண்பது, நூற்றிருபது என்று வரிசையாகத் தேய்த்து மீண்டும் பூச்சுக் கொடுத்தார். கதவோரத்தில் மட்டும் பெரிய மாப்பிள்ளை பக்கத்திலேயே நின்று, "இந்த இடத்துல இன்னும் ரெண்டு இழுப்பு" என்று சொல்லித் தேய்க்க வைத்தார். வடு போயிற்று.

பிறகு காத்திருந்தார். தபால்காரர் வரும் நேரம் பதினொன்று இருபதிலிருந்து பதினொன்று ஐம்பதுக்குள். ஒவ்வொரு நாளும் அந்த அரை மணி நேரம் ஜன்னலோரம் நின்றார். கடைசியில் கடிதம் அவர் கைக்கு வந்தது. நின்றபடியே படித்தார்.

"மாப்பிள்ளைக்கு, சின்னவள் வீட்டுக்குப் போகிறேன். உங்கள் தரை எழும்பியதற்காக அல்ல. உங்கள் வீட்டில் இருந்த மூன்று நாளும் நான் தரையைப் பார்த்தே நடந்தேன், கழுத்து வலி வந்துவிட்டது. கதவோரம் என் தடி ஒரு வடு வைத்தது. சொல்லாமல் வந்துவிட்டேன். அது இன்றுவரை என்னை உறுத்துகிறது. உங்கள் இரண்டாவது கடிதத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். முதலாவதைக் கிழித்துப் போட்டுவிட்டேன், நீங்களும் நகலைக் கிழிக்கலாம். அடுத்த மாதம் சாமான் வந்து இறங்கும் அன்று அவசியம் வர வேண்டும். என் பீரோ அந்த அறையில் நுழையுமா என்று உங்கள் தம்பி கண்ணாலேயே பார்த்துச் சொல்கிறார். அவர் பேருந்து ஓட்டும் லட்சணம் எனக்குத் தெரியும்."

பெரிய மாப்பிள்ளை கதவோரம் போய்க் குனிந்து தடவினார். வழுவழுவென்று இருந்தது. அந்த இடம் எதுவென்று அவர் விரலுக்கே இப்போது தெரியவில்லை.

"சின்னவ வீட்டுக்குத்தானே?" என்றாள் மனைவி, சமையலறையிலிருந்தே.

"ஆமா."

"வயிறு எரியுதா?"

"எரியுது."

"எவ்வளவு?"

அவர் யோசித்தார். "முன்ன மாதிரி இல்லை" என்றார்.

கம்பளிச் செருப்பு ஆறு ஜோடியையும் எடுத்து ஒரு பையில் திணித்துப் பரணில் போட்டார். வெறுங்காலோடு அறைக்குள் போய், கோப்பைத் திறந்து, ஏப்ரல் 20-ஆம் தேதி நகலை வெளியே எடுத்தார். முதல் தடவையாக ஒரு பதிவேட்டுத் தாளைக் கிழித்தார், நாலு துண்டாக. பிறகு பேனாவைத் திறந்து, அறைச் செலவுக் கணக்கின் கீழே புதிய வரியில் எழுதினார்:

செப்டம்பர் 19. மாமாவின் கடிதம் வந்தது.