லிஃப்ட் மெக்கானிக்கும் நாற்பத்து நான்கு படிகளும்

மூடிய கதவில் வலது காதை ஒட்டி, கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார். உள்ளே லிஃப்ட் ஏழாம் மாடியிலிருந்து இறங்கிக்கொண்டிருக்கிறது. அந்த நேரம் பார்த்து யாராவது "என்னங்க, ஓடுதா?" என்று கேட்டால் பதில் வராது, ஒரு விரல் மட்டும் உதட்டுக்குப் போகும். பெட்டி தரைக்கு வந்து நின்ற பிறகுதான் கண்ணைத் திறப்பார். "மூணாவது மாடி தாண்டுறப்ப முனகுது. வயசாயிடுச்சில்ல, முனகத்தான் செய்யும். எண்ணெய் போட்டுப் பேசிப் பாக்குறேன்."

மாதம் ஒருமுறை எங்கள் கட்டடத்துக்கு வருகிற மெக்கானிக் இவர். நான் நான்காம் மாடியில், ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் தட்டச்சு செய்பவள். கட்டடத்தில் எல்லோருக்கும் அவர் லிஃப்ட்காரர். அவருக்கு நான் அக்கா. நரைத்த மீசையைப் பார்த்தால் அவர்தான் எனக்கு அண்ணனாக இருக்க வேண்டும். முறையை மாற்றச் சொல்லிப் பார்த்தேன், காதில் வாங்கவே இல்லை. லிஃப்டின் முனகலைக் கேட்கிற காது மனிதர் பேச்சை அவ்வளவாகச் சட்டை செய்வதில்லை.

பெட்டியின் தரையும் மாடியின் தரையும் ஒரே மட்டமாக நிற்க வேண்டும் என்பதில் மட்டும் அவர் யாரையும் மன்னிக்க மாட்டார். குந்தி உட்கார்ந்து இடைவெளியில் விரலை வைத்துப் பார்ப்பார். "அரை விரல் ஏறி நின்னாக்கூடப் போதும்க்கா, ஒரு வயசானவங்க தடுக்கி விழுந்துடுவாங்க. அப்புறம் நாம என்ன சொல்லி என்ன பிரயோஜனம்?" வேலை முடிந்ததும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியில் இறங்கிப் போவார். தான் சரிசெய்த லிஃப்டில் தானே ஏற மாட்டார் என்று எங்கள் காவலாளி கிண்டல் செய்வதுண்டு. உண்மை வேறு. எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் அங்குள்ள படிகளை ஏறிப் பார்த்து, உயரத்தை ஸ்குரூடிரைவரால் அளந்து மனதில் வைத்துக்கொள்வது அவர் வழக்கம். எங்கள் படி சாதுவாம். அவர் மகள் படிக்கிற பள்ளியின் படி "திமிர் பிடிச்ச படி".

வருஷத்துக்கு ஒருமுறை லிஃப்டைச் சோதிக்க அரசாங்க ஆய்வாளர் வருவார். அதற்கு முந்தைய ஒரு வாரம் லிஃப்ட்காரரைக் கையில் பிடிக்க முடியாது. கயிறுகளைத் துடைப்பார், குழிக்குள் இறங்கிக் கூட்டுவார், எடை தாங்குகிறதா என்று பார்க்க மணல் மூட்டைகளை ஏற்றி இறக்குவார். கடைசியில் பெட்டியின் தரையில் ஒரு நாணயத்தை விளிம்பில் நிறுத்தி, ஏழு மாடியும் போய் வருவார். நாணயம் விழக் கூடாது. "ஆய்வாளர் வர்றாருன்னா வண்டி சும்மா வழுக்கிட்டுப் போகணும்க்கா. அவர் வாயத் தொறக்கவே எடம் குடுக்கக் கூடாது." பதினாறு வருஷத்தில் அவர் கைபட்ட எந்த லிஃப்டும் ஆய்வில் தோற்றதில்லை. அந்தப் பெருமையும் அந்தப் பழக்கமும்தான் கடைசியில் அவர் குடும்பத்தின் தலையில் கல்லைப் போட்டன.

மகளை அவர் "முதலாளியம்மா" என்பார். "எங்க முதலாளியம்மா இன்னிக்கு லீவு தரல, நாளைக்கு வரேன்" என்பது அவர் வராத நாளில் வருகிற தொலைபேசிச் செய்தி. முதலாளியம்மாவுக்கு வயது பத்து. பிறக்கிற நேரத்தில் மூச்சுத் திணறியதில் இரண்டு கால்களும் வலது கையும் விறைத்துப்போயின. கால்களைத் தாங்கும் காலிபர் சட்டத்தை மாட்டிக்கொண்டு, சக்கரம் வைத்த தாங்கியைப் பிடித்து நடப்பாள். எழுதுவது இடது கையால், மெதுவாக. வாய் மட்டும் யாருக்காகவும் நிற்காது. முதல்முறை என்னைப் பார்த்தபோதே, "அப்பா சொன்ன அளவுக்கு நீங்க கோவக்காரி மாதிரி தெரியலையே" என்றாள். அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மூன்றாம் வகுப்புவரை கீழ்த்தளத்தில் இருந்ததால் பிரச்சினை இல்லை. நான்காம் வகுப்பு இரண்டாம் மாடி. அந்தப் பள்ளியில் லிஃப்ட் கிடையாது. அவர் கேட்டது மூன்றே விஷயம்: வகுப்பைக் கீழே மாற்ற வேண்டும், கழிப்பறைக்கு அழைத்துப்போக ஓர் உதவியாளர் வேண்டும், தேர்வில் கொஞ்சம் கூடுதல் நேரம் வேண்டும். தலைமை ஆசிரியை கெட்டவர் அல்ல. "எனக்கென்னங்க, கல்வி அலுவலகத்துல இருந்து ஒரு தாள் வரட்டும், மறுநாளே செஞ்சுடறேன். ஒரு அம்மா வந்து பிள்ளைய மதிப்பீடு பண்ணுவாங்க. அவங்க எழுதுறதுதான்" என்றார்.

மதிப்பீடு என்ற சொல் லிஃப்ட்காரர் காதில் ஆய்வு என்றுதான் விழுந்தது. ஆய்வு என்றால் அவருக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். மூன்று வாரம், வேலை முடிந்து வந்ததும், குடியிருப்பின் படிக்கட்டில் பயிற்சி. கைப்பிடியைப் பிடித்து ஒரு படி, இரண்டு படி, பன்னிரண்டு படி. பிறகு சட்டைப் பொத்தான். பிறகு பெயரும் முகவரியும், கோட்டைத் தாண்டாமல். அவர் மனைவி மருத்துவமனைச் சலவைப் பிரிவில் வேலை செய்பவர். ஒருநாள் மட்டும் சொல்லியிருக்கிறார்: "எதுக்குங்க இதெல்லாம்? உள்ளத உள்ளபடி பாத்துட்டுப் போகட்டுமே." லிஃப்ட்காரர் கேட்கவில்லை. "நல்லாப் பண்ற பிள்ளைன்னு தெரிஞ்சாத்தானே இன்னும் ரெண்டு செஞ்சு குடுப்பாங்க?"

முதலாளியம்மா அப்பாவின் பெயரைக் காப்பாற்றினாள். பன்னிரண்டு படி ஏறினாள், பொத்தான் ஐந்தையும் போட்டாள், முகவரியை எழுதினாள். மதிப்பீடு செய்ய வந்த அம்மா கைதட்டினாராம். மறுநாள் எங்கள் கட்டடத்தில் காவலாளிமுதல் கடைசி மாடிக் கணக்கர்வரை எல்லோருக்கும் லிஃப்ட்காரர் பிஸ்கட் கொடுத்தார். "பாஸ்க்கா. ஒரு இடத்துலகூடத் திக்கல." அன்று அவள் காய்ச்சலில் கிடந்தாள் என்பதும், அடுத்த நான்கு நாள் காலைத் தரையில் ஊன்றவே முடியவில்லை என்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அதைக் கேட்கிற கேள்வி அந்தப் படிவத்தில் இல்லை.

கடிதம் வந்தபோது நேராக என் மேசைக்குக் கொண்டுவந்தார். "அக்கா, இது வேற யாருக்கோ வரவேண்டியதான்னு பாருங்க." நான் படித்தேன். உதவியின்றிப் படியேறுகிறாரா? ஆம். உதவியின்றி உடுத்துகிறாரா? ஆம். உதவியின்றி எழுதுகிறாரா? ஆம். முடிவு: தனி ஏற்பாடு எதுவும் தேவையில்லை. மறுமதிப்பீடு ஓராண்டுக்குப் பிறகு. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். யாரையும் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் அடுத்த வேலை பார்ப்பேன். அன்றைக்குக் கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்தேன். அவரே சொன்னார்: "எல்லாத்துக்கும் ஆமான்னு வரணும்னு நான்தானே சொல்லிக் குடுத்தேன்." பிறகு, "வீட்ல அவ என்னை ஒண்ணுமே கேக்கலக்கா. கேட்டிருந்தாக்கூடப் பரவாயில்ல."

அந்த ஓராண்டு முழுக்கத் தினமும் காலையில் மகளை முதுகில் சுமந்து இரண்டு மாடி ஏறினார். நாற்பத்து நான்கு படி. தாங்கியை எடுத்துவர இன்னொருமுறை. மாலையில் எந்த லிஃப்ட் எங்கே நின்றாலும் சரி, பள்ளி விடுகிற நேரத்துக்கு அங்கே இருப்பார். "ஊர்ல இருக்கிறவங்கள எல்லாம் பெட்டியில வச்சு ஏத்தி எறக்குறேன். என் பிள்ளைக்கு நானே பெட்டி" என்று சொல்லிச் சிரிப்பார். சேர்ந்து சிரிக்க எனக்கு மனம் வராது.

இரண்டு விஷயங்கள் அந்த வருஷத்தில் அவரை உடைத்தன. மகளின் தண்ணீர்ப் புட்டி தினமும் நிறைந்தபடியே வீடு திரும்பியது. கேட்டால் "தாகமே எடுக்கலப்பா" என்பாள். கழிப்பறை கீழ்த்தளத்தில். கீழே போக ஆள் வேண்டும். ஆளைக் கேட்க வேண்டும். கேட்டால் வகுப்பே திரும்பிப் பார்க்கும். அதனால் காலையிலிருந்து ஒரு சொட்டும் குடிக்காமல் இருந்திருக்கிறாள். சிறுநீர்த் தொற்று வந்து மருத்துவர் விசாரித்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. இன்னொன்று, பள்ளியில் நடந்த தீ விபத்து ஒத்திகை. மணி அடித்ததும் எல்லாப் பிள்ளைகளும் வரிசையாக இறங்கி ஓடினார்கள். ஆசிரியை இவளிடம், "நீ இங்கேயே உக்காரும்மா, இது சும்மாதான்" என்று சொல்லிவிட்டு விளக்கை அணைத்துவிட்டுப் போனார். வீட்டில் வந்து அதை வேடிக்கையாகச் சொன்னாளாம்: "எல்லாரும் பொழச்சுட்டாங்கப்பா. நான் மட்டும் செத்துட்டேன்."

இதை என்னிடம் சொன்ன நாளில் அவர் லிஃப்டை நிறுத்திப் போட்டுவிட்டு அரைமணி நேரம் பெட்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். ஆறாம் மாடி ஆட்கள் கத்தினார்கள். படியில் போகச் சொன்னேன், செத்துவிட மாட்டீர்கள் என்று. என் கோபம் அவர்கள்மேல் இல்லை என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

மறுமதிப்பீட்டுக்கான மனுவை நான்தான் தட்டச்சு செய்தேன். இந்த முறையும் இல்லை என்று வந்தால், வளர்ந்த பிள்ளையை இப்படித் தூக்கிப்போவது ஆபத்து, வீட்டிலிருந்தே படிக்கட்டும் என்று பள்ளி சொல்லிவிட்டது. அதாவது, பள்ளிக்கூடமே இல்லை. அது தெரிந்தும் மனிதர் என்னோடு ஒவ்வொரு வரிக்கும் மல்லுக்கு நின்றார். படியேற முடியாது என்று அடித்தேன். "முடியாதுன்னே போடணுமாக்கா? கொஞ்சம் சிரமம்னு போட்டா?" முடியாது என்றேன். "சரி. ஆனா செஸ்ல என்னையே தோக்கடிப்பா, அதையும் பக்கத்துல போடுங்க." தொடர்ந்து எழுத முடியாது. "கணக்கை எல்லாம் மனசுலயே போட்டுடுவா. அது?" தானாக உடுத்த முடியாது. அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். எழுந்துபோய் ஜன்னலோரம் நின்றுகொண்டார். ஒரு பக்கம் முழுக்கத் தன் மகளால் முடியாததை எல்லாம் வரிசைப்படுத்தி, கீழே அப்பாவின் கையெழுத்து. அவர் கையெழுத்து அவ்வளவு சிறியதாக நான் பார்த்ததில்லை.

மறுமதிப்பீட்டு நாளில் துணைக்கு நானும் போனேன். அது முடிந்து இரண்டு வாரம் ஆகிறது, பதில் இன்னும் வரவில்லை. கல்வி அலுவலகத்தின் கீழ்த்தளத்தில் ஒரு நீளமான பெஞ்ச். லிஃப்ட்காரர் மகளின் காலிபர் பட்டையைச் சரிசெய்கிற சாக்கில் தரையில் உட்கார்ந்து, நிமிராமலே பேசினார்.

"இன்னிக்குக் கஷ்டப்பட்டுப் பண்ணாதம்மா. எப்பவும் எப்படி இருக்கியோ அப்படி இரு. முடியலன்னா நின்னுடு."

"போன தடவ நிக்கக் கூடாதுன்னு சொன்னீங்க."

"அது அப்பா பண்ணின தப்பு."

"நான் நல்லாத்தானே ஏறினேன்?"

"நல்லாத்தான் ஏறினே."

அவள் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியவில்லை. நன்றாக ஏறியதுதான் தப்பு என்று ஒரு குழந்தைக்கு எந்த வாயால் சொல்வது?

இந்த முறை வந்தவர் வேறு ஓர் இளம்பெண். பொறுமையானவர். பொத்தான் ஒன்றோடு நின்றது. முகவரி இரண்டாம் வரியில் கோட்டை விட்டு இறங்கியது. முதலாளியம்மா அவரை நிமிர்ந்து பார்க்கவே இல்லை. பிறகு எல்லோரும் மாடிப்படிக்கு அருகே வந்தோம். "எவ்வளவு முடியுமோ அவ்வளவு போதும் பாப்பா. நீயா எத்தனை படி ஏறுறியோ, அதைத்தான் எழுதுவேன்" என்று அந்தப் பெண் ஒரு பக்கமாக நின்றுகொண்டார். லிஃப்ட்காரர் மகளுக்குப் பின்னாலேயே, ஒரு படி இடைவெளியில் ஏறிவரத் தயாராக நின்றார்.

அவள் படியை ஒருமுறை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். தாங்கியை விட்டுவிட்டுக் கைப்பிடியைப் பிடித்தாள். ஏறத் தொடங்கினாள். ஒன்று. இரண்டு. கழுத்து நரம்பு புடைத்தது. அப்பா சொன்னதை எல்லாம் காற்றில் விட்டுவிட்டாள் என்று அந்த முதுகைப் பார்த்தாலே தெரிந்தது. எத்தனை பேர் எதிரில் எத்தனை தடவை முடியாது என்று சொல்வாள்? மூன்று. இளம்பெண்ணின் பேனா தாளின்மேல் நின்றது. நான்காவது படியில் முழங்கால் மடங்கத் தொடங்கியது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. இடது கை கைப்பிடியில் இருக்க, விறைத்த வலது கையை மட்டும் பின்னால் நீட்டினாள், அங்கே அப்பா இருப்பார் என்று.

லிஃப்ட்காரரின் கை பாதி தூரம் போனது. பிறகு அவர் தன் இன்னொரு கையால் நீண்ட அந்தக் கையின் மணிக்கட்டைப் பிடித்து, தன் முதுகுக்குப் பின்னால் இழுத்து வைத்துக்கொண்டார்.