என் தறியின் துடிப்பா, நட்சத்திரத்தின் துடிப்பா

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். ஒழுகுகிற கொட்டகையில் ஒற்றைத் தறி போட்டு, இன்று மாடிவீட்டில் ஆறு தறி ஓட்டுகிறேன். புடவையில் பூ வேலை போடுகிற எலக்ட்ரானிக் ஜக்கார்டு பெட்டி வந்தபோது ஊரே சிரித்தது. அந்தப் பெட்டியை யார் தயவும் இல்லாமல் என் கையால் மாட்டினேன். அதற்கெல்லாம் மேலே, ஏனாத்தூர்ப் பக்கத்துக் கல்லூரியில் வானத்து ரேடியோ அலையைப் பிடிக்க ஒரு இருபதடி வலைத்தட்டு நிற்கிறதே, அதன் கம்பிவலையை இழுத்துக் கட்டியவனும் நான்தான். வெளியூர் ஆட்கள் கட்டியது இரண்டே மழைக்குத் தொய்ந்துபோனது. தறியில் பாவுநூல் இழுத்த கைக்குக் கம்பி எம்மாத்திரம்?

அங்கே பேராசிரியை அம்மா ஒருவர் மூன்று வருஷமாக ஒரே நட்சத்திரத்தின் பின்னால் இருந்தார். செத்துச் சுருங்கின நட்சத்திரமாம். விநாடிக்குப் பதினொரு தரம் சுற்றி, சுற்றுக்கு ஒரு துடிப்பு அனுப்புமாம். எங்கள் சின்னத் தட்டில் அந்தத் துடிப்பு இரைச்சலுக்குள் முழுகிவிடும். ஒரு மணி நேரம் வந்ததை ஒரே அளவில் துண்டாக்கி, ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கினால்தான் திரையில் ஒரு மேடாகத் தலைதூக்கும்.

“புடவை மடிக்கிறதுதானேமா இது?” என்றேன். “புட்டாப் பூமேல புட்டாப் பூ உக்காரணும். மடிப்பு ஒரு நூல் பிசகினா எல்லாம் விலகிடும்.”

அன்றிலிருந்து அந்த மேட்டுக்கு அங்கே பெயரே புட்டா.

ஆனி மாதம், மத்தியானம் மூன்று மணிக்கு, என்றைக்கும் இல்லாத அளவுக்குத் தெளிவாகப் புட்டா விழுந்தது. அம்மா அதை ஒலியாக்கி ஒலிபெருக்கியில் போட்டார். டரடரடர. எல்லாரும் கை தட்டினார்கள். எனக்கு மட்டும் கை எழவில்லை. என் ஜக்கார்டு பெட்டிக்குள் காந்தங்கள் துடிக்கிற சத்தமும் அதுதான். என் தறிக்கூடமோ கல்லூரி மதிலுக்கு அந்தப் பக்கம்.

வீட்டுக்கு வந்து பெட்டி பக்கத்தில் ரேடியோவை வைத்துப் பார்த்தேன். டரடரடர.

வெள்ளிக்கிழமை வெளியூர் விஞ்ஞானிகள் வந்து பார்ப்பதாக இருந்தது. அவர்கள் முன்னால் அம்மா காட்டப்போவது என் தறியையா? மூன்று வருஷ உழைப்பு ஒரு சிரிப்பில் போய்விடுமே. சத்தம் போடாமல் தறியை நிறுத்திவிடலாம் என்றால், வந்தவர்கள் எதிரிலேயே நட்சத்திரம் காணாமல் போனால்? மூன்று நாள் இதே நினைப்பு. கல்லூரி வண்டி தெருவில் திரும்பினாலே கொல்லைப்பக்கம் போய் நின்றுகொண்டேன்.

“நட்சத்திரம் பிடிச்சேன்னு ஊர் பூரா சொல்லிக்கினு திரிஞ்சியே, இப்போ இன்னா, வாய் ஒட்டிக்கிச்சா?” என்றாள் என் மனைவி, நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்ததைப் பார்த்து.

வியாழக்கிழமை மத்தியானம், நட்சத்திரம் வருகிற நேரத்துக்குப் போனேன்.

“அம்மா, உங்க நட்சத்திரம் என் தறியா இருக்குமோன்னு பயமா இருக்குது.”

அவர் சிரிக்கவில்லை. அதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது.

“இப்பவே நிறுத்துங்க ஐயா. ஆறையும்.”

மின்சார மெயினையே இறக்கிவிட்டு ஓடிவந்தேன். ஒரு மணி நேரம் அம்மாவுக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தேன். என் நெஞ்சு துடித்ததை எண்ணியிருந்தால் அதுவும் விநாடிக்குப் பதினொன்று வந்திருக்கும். திரையில் துண்டுமேல் துண்டு விழுந்தது. முதலில் வெறும் இரைச்சல். அம்மா நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். ஊர் முன்னால் எப்படி நடப்பேன் என்று யோசித்துவிட்டேன்.

அப்புறம் மெல்ல எழுந்தது. முன்பைவிட ஒல்லியாக, ஊசிபோல.

“உங்க பெட்டி கரண்டு ஏற இறங்கத் தாளம் மாறும் ஐயா. இது மாறாது. நீங்கதானே சொன்னீங்க, மடிப்பு பிசகினா புட்டா விலகிடும்னு?” என்றார். “ஆனா துடிப்பு வந்து சேர்ற நேரம் தினமும் முன்னே பின்னே சிதறுச்சே, அது உங்க தறியோட இரைச்சலாலதான்.”

மறுநாள் வந்தவர்களுக்கும் என் தறியை நிறுத்தித்தான் காட்டினார். அதிலிருந்து நாற்பது நாள், தினம் அந்த ஒரு மணி நேரம் தறியை நிறுத்தினேன். நட்சத்திரம் தினம் நாலு நிமிஷம் முன்னால் வரும். நானும் நாலு நிமிஷம் முன்னால் மெயினை இறக்கினேன். ஒரு நாள் மறந்தால் அத்தனையும் கெடுமோ என்ற பயம் நாற்பது நாளும் விடவில்லை. அப்படித்தான் துடிப்பு வந்து சேரும் நேரம் பிசகில்லாமல் கிடைத்தது.

அதைப் பற்றி அம்மா இங்கிலீஷில் எழுதிய கட்டுரை அச்சாகிவிட்டது. மகள் தமிழில் படித்துச் சொன்னாள்: “அருகிலிருந்த மின் இடையூறு நீக்கப்பட்டது.” நீக்கப்பட்டதாம்! தானாகவா நீங்கியது? அம்மாவிடம் நேரிலும் கேட்டுவிட்டேன், இங்கேயும் எழுதுகிறேன்: வலையை இழுத்துக் கட்டியவனும், நடுங்கிக்கொண்டே வந்து உண்மையைச் சொல்லித் தறியை நிறுத்தியவனும் ஒரே நெசவாளி என்று அடுத்த கட்டுரையில் போட்டாக வேண்டும்.