ஜாக்கெட் தைக்கிறவள் றெக்கை தைத்த கதை

பட்டு நெய்கிற ஊரில் புடவை அழகாக இருந்தால் பேர் நெய்தவருக்கு; ஜாக்கெட் இறுக்கினால் திட்டு தைத்தவளுக்கு. பிள்ளையார்பாளையத்தில் இருபது வருஷமாக மிஷின் மிதிக்கிறேன், வாங்காத திட்டு இல்லை. என்னைப் போலக் கழுத்தில் டேப்பைத் தொங்கவிட்டுக்கொண்டு அல்லாடுகிறவர்களே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். மற்றவர்களுக்கு நம்ம பாடு எங்கே புரியப்போகிறது?

அளவுக்கு வந்த சுடிதார்

சாயப்பட்டறையில் வேலை செய்கிற ஸ்டெல்லா ஒரு நாள் நோட்டுக் காகிதம் ஒன்றைக் கொண்டுவந்து மிஷின்மேல் விரித்தாள். எட்டாவது படிக்கிற அவள் மகள் ஜெனி வரைந்த படம். செல்போனில் படிக்கிற ஏதோ மாயாஜாலத் தொடரில் வருகிற பருந்துப் படைத் தலைவியாம். நெஞ்சில் கவசம், முதுகில் ஆளுயர றெக்கை. ஸ்கூல் ஆண்டு விழாவில் மாறுவேடப் போட்டிக்கு இதைத் தைத்துத் தர வேண்டுமாம். "நான் ஜாக்கெட் தைக்கிறவம்மா, நாடகக் கம்பெனியா வெச்சிருக்கேன்?" என்று எகிறினேன்.

ஸ்டெல்லா கோபப்படவில்லை. ஜெனி ஒரு வருஷமாக எந்த விசேஷத்துக்கும் வருவதில்லை, ஸ்கூல் விட்டால் வீடு, வீட்டில் ஒரு மூலை, இந்தப் போட்டிக்கு மட்டும் தானாகப் போய்ப் பேர் கொடுத்திருக்கிறாள் என்றாள். பெற்றவள் அப்படிச் சொல்லும்போது முடியாது என்று எப்படிச் சொல்வது? அளவெடுக்கப் பெண்ணை அனுப்பு என்றேன். அவளோ பையிலிருந்து போன வருஷத்துச் சுடிதார் ஒன்றை எடுத்து நீட்டினாள். நமக்கு இது புதுசா என்ன? தெருவில் பாதிப் பேருடைய உடம்பை நான் சரியாகப் பார்த்ததே இல்லை, அளவு ஜாக்கெட்டைத்தான் பார்த்திருக்கிறேன். மறுபேச்சில்லாமல் வாங்கி வைத்துக்கொண்டேன். வாசல் வரைக்கும் போன ஸ்டெல்லா திரும்பி நின்று சொன்னாள்: "அவ மேல யாரும் டேப்பு வெக்கக் கூடாதாம்க்கா. அதான்."

துணி பத்தாத றெக்கை

றெக்கைக்கு இறகு வேண்டுமே. ஜாக்கெட் வெட்டி மிஞ்சின பட்டுத் துண்டுகள் என்னிடம் இரண்டு மூட்டை கிடந்தன. (உங்கள் கடையிலும் கிடக்கும், இல்லை என்று சத்தியம் பண்ணாதீர்கள்.) அரக்கு, மாம்பழ மஞ்சள், மயில் கழுத்து நிறம் என்று இறகு இறகாக வெட்டி, ஓரம் அடித்து, வரிசை வரிசையாகத் தைத்துக்கொண்டிருந்தேன். அப்போது பார்த்து என் பழைய வாடிக்கைக்காரி வசந்தா உள்ளே வந்தாள். வந்ததும் கண் எங்கே போச்சு தெரியுமா? நேராக றெக்கைமேல். "இது என் பொண்ணு வளைகாப்பு ஜாக்கெட்டு துணியாச்சே! துணி பத்தல, குட்டைக் கைதான் வரும்னு சொன்னியே!" என்று பிடித்துக்கொண்டாள்.

பத்தவில்லை என்று சொன்னது பொய் இல்லை, ஆனால் முழு நிஜமும் இல்லை. வேறு வழியில்லாமல் ஜெனி விஷயத்தைச் சொன்னேன். வசந்தா வாயை மூடிக்கொண்டாள், அது அபூர்வம். மறுநாள் ஒரு பை நிறையத் துண்டுத் துணி கொண்டுவந்து என் முன்னால் கொட்டிவிட்டு, விரலை நீட்டிச் சொன்னாள்: "என்னுது மேல் வரிசையில வையி, ஜனங்க கண்ணுல படணும்."

எந்த வாகனம்?

மூங்கில் சிம்பு வைத்து றெக்கையைக் கட்டி முடித்தேன். ஆனால் அது நிற்கவில்லை. கடை பொம்மைக்கு, அந்தச் சுடிதார் அளவில் தைத்த வேஷச் சட்டையை மாட்டி, முதுகில் வைத்துத் தைத்தால் இரண்டு றெக்கையும் மழையில் நனைந்த கோழி மாதிரி தொங்கின. கேன்வாஸ் வைத்தேன், பட்டை வைத்து அழுத்தித் தைத்தேன், ஒன்றும் நடக்கவில்லை.

கோயில் உற்சவத்தில் சாமி வாகனம் தூக்குகிற தணிகாசலம் அண்ணன், தன் சட்டைக்குப் பட்டன் வைக்க வந்தவர், பொம்மையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "எந்தக் கோயில் வாகனத்துக்கும்மா?" என்று கேட்டார். ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைக்கு என்றேன். அவர் சிரிக்கவில்லை. தோளில் காய்த்துப்போன இடத்தைத் தடவிக்கொண்டே சொன்னார்: "துணில மாட்டினா தொங்கத்தான்மா செய்யும். வாகனத்துக்கு உள்ள மரம் இருக்குது, றெக்கை நிக்குது. அந்தப் பொண்ணு முதுகுல இன்னா இருக்குது?"

நாலு விரல்

விழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஜெனி முதல் தடவையாகக் கடைக்கு வந்தாள். கூட ஸ்டெல்லா. அப்பா சட்டையைத் தொளதொளவென்று போட்டிருந்தாள், என்னைக் கிட்டேயே விடவில்லை. ஸ்டெல்லாதான் வேஷத்தை அந்தச் சட்டைக்கு மேலே மாட்டிக் கொக்கி போடப் பார்த்தாள். நாலு விரல் எட்டவில்லை. நாமெல்லாம் பக்கத் தையலில் உள்ளே துணி விட்டு வைப்போம் இல்லையா, அதை முழுக்கப் பிரித்தேன். அப்படியும் இரண்டு விரல் பத்தவில்லை. என் வாய் சும்மா இருக்குமா? "ஒரு வருஷத்துல இப்படியா ஊதுவாங்க?" என்றேன்.

ஜெனி வேஷத்தைக் கழற்றி, சட்டைப் பொத்தானை அவிழ்த்தாள். உள்ளே பனியனுக்கு மேல், அக்குளிலிருந்து இடுப்பு வரை கெட்டியான வெள்ளைப் பிளாஸ்டிக் பெல்ட். முதுகெலும்பு வளைகிறதாம், குளிக்கிற நேரம் தவிரக் கழற்றக் கூடாதாம். எனக்கு என் நாக்கை அறுத்துப் போடலாம் போல இருந்தது. அழுகை வந்தது, அதை மறைக்க முன்னாடியே சொல்லாத ஸ்டெல்லாவைத் திட்டினேன். "பேரை வெட்டிடச் சொல்லும்மா" என்றாள் ஜெனி, தரையைப் பார்த்துக்கொண்டு.

"வேணாம் கண்ணு, அந்த அரை மணி நேரம் மட்டும் பெல்ட்டைக் கழட்டி வெச்சுடலாம்" என்று கெஞ்சினேன். அவளோ கழற்றின வேஷத்தில் தொங்கின றெக்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒன்றைப் பிரித்தெடுத்து அம்மா கையில் கொடுத்து, முதுகுப் பக்கம் பெல்ட்டின் வாரில் செருகச் சொன்னாள். றெக்கை விறைப்பாக நின்றது. ஜெனி கண்ணாடியில் பக்கவாட்டில் திரும்பிப் பார்த்துவிட்டு என்னைக் கேட்டாள்: "இதக் கழட்டிட்டா றெக்கை எதுல நிக்கும், ஆன்ட்டி?"

மேடையில்

வேஷச் சட்டையின் முன்பக்கத்தை வெட்டி எறிந்தேன். பெல்ட் அப்படியே வெளியே தெரியட்டும் என்று, அதன் ஓரத்தில் மட்டும் ஜரிகை பார்டரைக் கட்டிவிட்டேன். படத்தில் அவள் வரைந்திருந்த கவசம் வந்துவிட்டது. விழாவன்று கடையைப் பூட்டிக்கொண்டு போனேன். மேடையேறினது அவள், சாமியைக் கூப்பிட்டது நான். ஜெனி நிமிர்ந்து நடந்தாள், குனிந்து நடக்க அந்த பெல்ட் விடாது. றெக்கை இம்மியும் அசையவில்லை. வசந்தாவின் துண்டு மேல் வரிசையில் பளிச்சென்று தெரிந்தது. முதல் பரிசு இட்லி வேஷம் போட்ட ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்குப் போனது, அந்த நடுவர்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அவள் கீழே இறங்கினதும் பிள்ளைகள் மொய்த்துக்கொண்டார்கள். ஒருத்தி பெல்ட்டைத் தட்டிப் பார்த்து, "செமையா இருக்குதுப்பா, எந்தக் கடையில வாங்கின?" என்று கேட்டாள். ஒரு வருஷம் மூலையில் உட்கார்ந்திருந்த பெண், இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னாள்: "கடையில எல்லாம் கெடைக்காது. டாக்டரு எழுதிக் குடுக்கணும்."

அன்றிலிருந்து அளவு ஜாக்கெட் கொண்டுவந்தால் நான் வாங்குவதில்லை, ஆளே நேரில் வரணும் என்று சொல்லிவிடுகிறேன். திட்டு மட்டும் பழைய அளவிலேயே வந்துகொண்டிருக்கிறது.