திரையில்லாத கேமராவும் பிள்ளையார்பாளையத்து முந்தியும்

எங்கள் சைக்கிள் குழு ஆறு ஹெல்மெட் கேமராக்கள் வாங்கலாமா என்று யோசித்தது. ஒன்றை இரவல் வாங்கி, இந்த 2008 ஆடியில் என்னிடம் கொடுத்தார்கள். "காஞ்சிபுரம் வரை ஓட்டிச் சோதிச்சுப் பாருங்க மேடம். பாண்டிச்சேரி பயணத்துக்கு உங்களுக்கு அதுவே ஆதாரமாவும் இருக்கும்" என்றார் ஒருங்கிணைப்பாளர்.

அந்தப் பயணத்தில் சேர ஐம்பது கிலோமீட்டரை மூன்றரை மணி நேரத்துக்குள் ஓட்டியிருக்க வேண்டும். ஏற்கெனவே சேர்ந்த பதினோரு ஆண்களும் வாயால் சொன்னதே போதுமானதாக இருந்தது. நாற்பத்து நான்கு வயதுப் பெண்ணுக்கு மட்டும் வீடியோ. கேட்டபோது கோபம் வரவில்லை. படப்பை தாண்டும்போதுதான் வந்தது. எனக்கு எல்லாமே கொஞ்சம் தாமதம்.

கேமரா கட்டைவிரல் தடிமனில் ஓர் உருளை. விலை 9,500 ரூபாய். இரண்டு பென்சில் செல், ஒரு மணி நேரம் கொள்ளும் கார்டு. திரை கிடையாது. ஒரே பொத்தான்: அழுத்தினால் தொடங்கும், மறுபடி அழுத்தினால் நிற்கும். ஓடுகிறது என்பதற்கு முனையில் ஒரு சிவப்பு விளக்கு. தன் தலைமேல் எரியும் விளக்கை எந்த சைக்கிள்காரர் பார்ப்பார் என்று செய்தவர்கள் யோசிக்கவே இல்லை.

தாம்பரத்தில் காலை 4.50க்குக் கிளம்பினேன். கார்டு சிறியது என்பதால் ஒரகடம், வாலாஜாபாத் இரண்டு இடத்திலும் கைக்கடிகாரத்தை லென்ஸ் முன் காட்டிச் சில நிமிடங்கள் மட்டும் பதிந்தேன். வாலாஜாபாத்தில் டீ நான்கு ரூபாய். 8.08க்கு ஏகாம்பரநாதர் கோபுரத்தடி. 55 கிலோமீட்டர், மூன்று மணி பதினெட்டு நிமிடம். கடிகாரத்தைக் காட்டிவிட்டுப் பொத்தானை அழுத்தி நிறுத்தினேன். நிறுத்தியதாக நினைத்தேன்.

குறுகலான தெருக்களில் ஓட்டிப் பார்க்கலாமே என்று பிள்ளையார்பாளையம் போனேன். ஒரு தெருவில் நீளத்துக்குத் தறியில் ஏற்றப்போகும் பாவு நூலை இழுத்துக் கட்டியிருந்தார்கள். பட்டு இழைமேல் கைப்பிடி பட்டுவிடக் கூடாதே என்று இறங்கி, சுவரோரமாகத் தள்ளிக்கொண்டு நடந்தேன். குழாயடியில் நின்ற பெண் சிரித்தார்.

"இன்னாக்கா, தலையில டார்ச்சு கட்டிக்கினு கெணறு தோண்டப் போறியா?"

"கேமராம்மா."

"ஐயே, தலைகூட வாரலியே நானு! வா, தண்ணி குடிச்சிட்டுப் போ. மொகமே வெந்துபோச்சி."

அவர் பெயர் கோமதி. கணவர் ஏழுமலை தறியில் இருந்தார். வெளியாள் வந்தால் நெய்துகொண்டிருக்கும் சேலை முந்தியைத் துணி போட்டு மூடிவிடுவது அங்கே வழக்கம். ஒரு கடைக்காகத் தனியாகப் போட்ட டிசைன் வேறு கடைக்குப் போய்விடக் கூடாது. ஏழுமலையும் மூடினார். என் வேர்வையையும் சைக்கிளையும் பார்த்துவிட்டு, "இந்தம்மா இன்னா சேலைக் கடையா வெச்சிக்கினு இருக்குது" என்று துணியை எடுத்துவிட்டார். நான் ஹெல்மெட்டைக் கழற்றி, தறியைப் பார்த்தாற்போல ஸ்டூலில் வைத்தேன்.

பாதி டம்ளர் குடித்திருப்பேன்.

"யக்கா, அதுல இன்னாமோ செவப்பா எரியுது?" என்றார் கோமதி.

கையுறை போட்ட விரல் கோபுரத்தடியில் இரண்டு முறை அழுத்தியிருக்கிறது. நின்று, மறுபடி ஓடத் தொடங்கி, கோமதி வீட்டுத் தறிவரை பதிந்துகொண்டே வந்திருக்கிறது. மறைக்காமல் சொன்னேன்.

ஏழுமலை ஊடை இழை ஓட்டும் நாடாவைக் கீழே வைத்தார். "நாளைக்கி இந்த முந்தி வேற கடையில தொங்கிச்சின்னா எங்களத்தாம்மா கேப்பாங்க. அப்பறம் எவன் டிசைன் குடுப்பான்?"

அந்த ஒரு துண்டை மட்டும் அழிக்கக் கம்ப்யூட்டர் வேண்டும். வீட்டுக்குப் போய் அழிக்கிறேன் என்றேன். எனக்கே அசிங்கமாக இருந்தது. பிரவுசிங் சென்டருக்குப் போகலாமா என்றேன்.

"அங்க நாலு பேரு எதுருல தொறந்து காட்டறதுக்கா?" என்றார் கோமதி. "நல்லா சொன்னே போ."

கேமராவிலேயே அழிப்பதென்றால் பொத்தானைப் பத்து வினாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். எல்லாமே போய்விடும்: ஒரகடம், வாலாஜாபாத், கோபுரம், என் மூன்று மணி பதினெட்டு நிமிடம். பிடித்தேன். நீளமாக ஒரு சத்தம் வந்தது.

"அழிஞ்சிதா?" என்றார் கோமதி.

"அழிஞ்சிடுச்சு. ஆனா காட்ட முடியாதும்மா, இதுல திரை இல்ல."

"அதான் நீ சொல்றியே. அப்பறம் இன்னா? மீதித் தண்ணியக் குடி."

ஏழுமலை நாடாவை எடுத்தார்.

திரும்பும்போது எதிர்க்காற்று, வெயில். நான்கு மணி இருபது நிமிடம் ஆனது. வழியில் அங்கங்கே பதிந்த வீடியோ பத்திரமாக இருக்கிறது: மேடு பள்ளத்தில் படம் கொதிக்கும் சோறு மாதிரி துள்ளுகிறது, காற்றிரைச்சலில் லாரி ஹார்ன்கூடக் கேட்கவில்லை. வாங்க வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். வாங்கியே தீருவேன் என்பவர்கள் கையுறையைக் கழற்றிவிட்டு அழுத்துங்கள். யார் வீட்டுக்குள் போனாலும் பாட்டரியை உருவிவிடுங்கள். அந்தப் பாதையில் ஓட்டுபவர்கள் ஏழு மணிக்குள் ஒரகடத்தைத் தாண்டிவிடுங்கள், பிறகு லாரிகள்தான்.

"வீடியோ இல்லாம பேரைச் சேர்க்க முடியாதே மேடம்" என்றார் ஒருங்கிணைப்பாளர். அந்தப் பதினோரு பேரின் வீடியோவைக் காட்டச் சொன்னேன். பேச்சை மாற்றினார்.

பெயர்கூடக் கேட்காத ஒருத்தியின் சொல்லை நம்பித் தன் பிழைப்பையே ஒப்படைத்தார் கோமதி. மூன்று வருடம் கூடவே ஓட்டியவர்களுக்கு அதே சொல் போதவில்லை. கேமரா இரவல், கொடுத்துவிட்டேன். சைக்கிள் என்னுடையது. வருகிற ஞாயிறு காலை நான்கு மணிக்குத் தனியாகப் பாண்டிச்சேரி கிளம்புகிறேன்.