பிணமாகக் கிடந்த நாள்

இரண்டாம் உலகச் சண்டை முடிந்திருந்த நேரம். சீமைக்குத் திரும்பிய தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஒருவர் விற்றுவிட்டுப் போன படக்கமராவும் ஒரே ஒரு சுருள் பிலிமும் என் கூட்டாளியிடம் இருந்தன. சுருள் மூன்று நிமிஷம்கூட ஓடாது. அதற்குள் ஒரு மீனவக் குடும்பத்தின் கதையை எடுத்துவிடலாம் என்று மாம்புரிக் கரையில் திட்டம் போட்டோம். கதை எழுதியது, சாமான் சேர்த்தது, ஆள் பிடித்தது எல்லாம் நான்தான். அந்த வயதில் எனக்கு மண்டைக்கனம் கொஞ்சநஞ்சமல்ல.

கடலில் செத்தவனைக் கரையில் கிடத்தி மனைவி அழும் இடம்தான் கதையின் உயிர். கூத்தில் செய்வதுபோல ஆணுக்குச் சேலை கட்டினால் எடுபடாது என்றான் கூட்டாளி. ஊர்ப் பெண்கள் வாசலிலேயே வைத்து எங்களைத் துரத்தினார்கள். ஒருத்தி மட்டும் வந்தாள். அவள் புருஷன் முந்தின வருஷம் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. பிரேதம் கிடைக்காததால் கல்லறையும் இல்லை. கடலுக்கு அக்கரையில் தூத்துக்குடிப் பக்கம் எவளோடோ ஓடிவிட்டான் என்று ஊர் கதைத்தது.

“எண்ட மனுசன் ஓடிப்போற ஆளில்ல தம்பி. கரைக்குக் கொண்டுவந்து கிடத்தினமாதிரி ஒருக்கா எடுங்க. இந்தச் சனம் பாக்கட்டும்,” என்றாள்.

கடல் தொழிலுக்குப் போகிற எவனும் பிணமாகக் கிடக்க ஒப்பவில்லை. அவள் பெட்டியிலிருந்து எடுத்துத் தந்த புருஷனின் சட்டையைப் போட்டுக்கொண்டு நானே மணலில் கிடந்தேன்.

பிலிமை மிச்சம் பிடிக்க, வெறுங்கமராவை வைத்து ஏழெட்டுத் தடவை ஒத்திகை பார்த்தோம். ஒவ்வொரு தடவையும் அவள் மெய்யாகவே அழுதாள். சுருள் ஏறி ஓடத் தொடங்கியபோது அவள் கண்ணில் ஒரு சொட்டு இல்லை. கூட்டாளி பல்லைக் கடித்தான். எடுத்தது பேசாப் படம்; என் முகமும் கமராவுக்கு மறுபக்கம். நான் வாய் திறந்தாலும் படத்தில் தெரியாது.

“அக்கா, உங்கட மனுசன தூத்துக்குடியில கண்டாங்களாம். ஒரு பொம்பளையோட இருக்காராம்,” என்றேன். முழுப் பொய். நெஞ்சு வெடித்து அழுவாள் என்று நினைத்தேன்.

அவள் என் சட்டைக் கொலரை இரண்டு கையாலும் பிடித்தாள். “உசிரோட இருக்காரா?”

கண்ணைத் திறந்தேன். அவள் முகம் முழுக்கச் சிரிப்பு. கமரா கடகடவென்று ஓடி நின்றது. படம் நாசமாய்ப் போச்சு என்று கூட்டாளி கத்தினான். எனக்கும் அப்போது படத்தைப் பற்றித்தான் கவலை. பொய் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் ஊர் திரண்டு வந்து எலும்பை முறிக்கும் என்று வாயை மூடிக்கொண்டேன். இதை எழுத இன்றைக்கும் கை கூசுகிறது.

அடுத்த கிழமை துணி மூட்டையோடு கரையில் நின்றாள். தூத்துக்குடிக்குச் சாமான் ஏற்றும் தோணியில் இடம் கிடைத்துவிட்டதாம். என்னைக் கண்டதும் கூப்பிட்டாள்.

“தம்பி, எந்தத் தெருவெண்டு சொன்னாங்க?”

“மாதா கோயிலுக்குப் பின்பக்கம்,” என்றேன்.

நம்பி ஏறினாள்.