ஆளேற்றிப் பார்க்காத கார்

எனக்குக் கோபம் வந்தால் கண்மண் தெரியாது. அன்று காலை அது என் தங்கச்சி புருஷன் மேல் பாய்ந்தது.

நோர்வூட்டுக்கு மேலே, தேயிலைத் தோட்டத்தில், எங்கள் லயத்து வரிசை வீடுகளின் வாசலில், என் பழைய காரின் பின்சக்கரங்களுக்கு ஸ்பேசர் மாட்டிக்கொண்டிருந்தேன். சக்கரத்தை ஓர் அங்குலம் வெளியே தள்ளி, காரை அகலமாகக் காட்டும் தடித்த வட்டு அது. டயர் உரசக் கூடாதே என்று மட்காட்டின் உள்விளிம்பைச் சுத்தியலால் அடித்து மடக்கிக்கொண்டிருந்தபோது மச்சான் வந்து நின்றான்.

"என்னா மச்சான், ஒங்க காரு மூலம் வந்த மாதிரி கால அகட்டிக்கிட்டு நிக்குது?"

அக்கம்பக்கத்தில் நாலு பேர் சிரித்தார்கள். சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுத்தான் அடித்தேன், அந்த அளவுக்கு நான் நல்லவன். அவன் உதடு கிழிந்தது. எழுந்து வந்தவனை மறுபடியும் அடித்தேன். நிறைமாத வயிற்றோடு தங்கச்சி குறுக்கே வந்து நின்றதால்தான் விட்டேன்.

எங்கள் லயத்தில் ஒரு பழக்கம் உண்டு. வண்டியில் புதிதாக எதை மாட்டினாலும் நாலு பேர் பின்சீட்டில் ஏறிக்கொள்வார்கள். ஒருவர் மட்காட்டுப் பக்கம் காதைக் கொடுத்தபடி கூடவே நடப்பார். பாரத்தில் வண்டி தாழ்ந்தால்தான் டயர் உரசுமா என்பது தெரியும். அன்று ஒருவரும் வரவில்லை. கதவுகளைச் சாத்திக்கொண்டார்கள். போய்க் கூப்பிட எனக்கு ரோஷம். வெறுங்காரை இரண்டு சுற்று ஓட்டினேன். சத்தமே இல்லை. போதும் என்று விட்டுவிட்டேன்.

மத்தியானம் தங்கச்சிக்கு வலி கண்டது. அந்நேரம் லயத்தில் இருந்த ஒரே வண்டி என்னுடையது. மச்சான் அவளைத் தாங்கிக்கொண்டு பின்னால் ஏறினான். பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவர் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். இறக்கத்தின் முதல் குழியிலேயே டயரைச் சீவுகிற சத்தம் கேட்டது. நிறுத்தியிருக்க வேண்டும். அடி வாங்கியவன் முன்னால் இறங்கிக் குனிந்து பார்ப்பதா என்று வீம்பாக மிதித்தேன். மூன்றாவது வளைவில் டயர் வெடித்தது. கார் சுழன்று மண்மேட்டில் மோதியது. கண்ணாடி நொறுங்கி எல்லார் மேலும் கொட்டியது. தங்கச்சி அலறினாள்.

மச்சான் என்னைச் சட்டையோடு வெளியே இழுத்தான். எனக்கு அந்த அடி வேண்டும் போலிருந்தது, முகத்தைக் காட்டினேன். இரண்டே அடி அடித்தான். பிறகு ரோட்டில் ஓடி, டவுன் பக்கம் இறங்கிக்கொண்டிருந்த கொழுந்து லொறியை மறித்தான்.

கொழுந்துச் சாக்குகளின் மேல் அவளைப் படுக்க வைத்தார்கள். நானும் ஏறப் போனேன்.

"அண்ணன ஏத்தாதீங்க," என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

லொறி போனபின் வீல் ஸ்பேனரை எடுத்து அந்த மட்காட்டைக் கை மரத்துப்போகும்வரை அடித்தேன். பிள்ளைக்கு ஏதாவது ஆகியிருந்தால் என்ற பயம் அடிக்க அடிக்க ஏறியதே தவிர இறங்கவில்லை. நடுரோட்டில் உட்கார்ந்து அழுதேன்.

சாயங்காலம் மச்சான் எனக்குப் போன் எடுத்தான். உதட்டு வீக்கத்தில் பேச்சு குழறியது.

"பொம்பளப் புள்ள மச்சான். ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க." பிறகு குரலைத் தாழ்த்தினான். "நீங்க பாக்க வர வேணாமாம். புள்ள மேல ஒங்க கை படக் கூடாதுன்னு சொல்றா."