முதலில் வரும் பெயர்

இண்டூரில் எனக்கு ஜாக்கெட் தைத்துக்கொடுத்த அக்காவின் கழுத்தில் எப்போதும் டேப் தொங்கும். சாயங்காலம் லைட் போட்டதும் மெஷினை நிறுத்துவார். முந்தானையை முக்காடாகப் போட்டு, துணி வெட்டும் மேசைக்குப் பக்கத்திலேயே முழங்காலில் நிற்பார். யார் காத்திருந்தாலும் ஜெபம் முடியாமல் எழ மாட்டார்.

நானும் சர்ச்சுக்குப் போகிறவள்தான். ஆனால் தினசரி ஜெபம் என்னிடம் ஒரு வாரம்கூடத் தங்கியதில்லை.

"அக்கா, எப்படிங்க ஒரு நாளும் விடாம ஜெபம் பண்றீங்க?" என்று கேட்டேன்.

கொக்கி தைத்துக்கொண்டே சொன்னார். "எங்க ஊட்டுக்காரர் மேல லாரிய ஏத்துன டிரைவர் நாசமாப் போவணும்னு கேக்கத்தான் மொதமொத முட்டி போட்டேங்க. ஒரு நாள் கேட்டு ஆத்திரம் அடங்கல. தெனமும் கேட்டேன். அப்படியே பழகிப்போச்சு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இப்பவுமாங்க?"

"இப்பவும் அவன் பேருதான் மொதல்ல வருது. கெட்டது கேக்க வாய் வர்ல. நல்லா இருக்கட்டும்னு சொல்லவும் மனசு வர்ல. பேரை மட்டும் சொல்லிட்டு அப்படியே நிக்கறேன்."

மறுநாள் காலை நானும் முழங்காலிட்டேன். பேச்சு விட்டுப்போன என் அண்ணன் பெயர்தான் முதலில் வந்தது. அதைச் சொல்லாமலே எழுந்துவிட்டேன்.